திண்ணைப்பள்ளியும் இரண்டாம் மொழியும்
சென்னை மாகாணத் தொடக்கக் கல்வி வரலாற்றில் ஓர் ஆய்வு

தாய்மொழியில் எழுத்தறியத் தொடங்கும் இளஞ்சிறார்க்கு மற்றொரு மொழியையும் எப்பொழுது கற்பிக்கத் தொடங்கலாம், அதனை எம்முறையிற் கற்பித்தல் வேண்டும் என்னும் வினாக்கள் நம் காலத்தில் புதியனவாக எழுந்தவை அல்ல. சென்னை மாகாணம் என வழங்கிய நிலப்பரப்பில் இவ்வினாக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து எழுப்பப்பட்டு வந்துள்ளன. ஆட்சியாளர் அறிக்கைகள், கல்விக் குழுக்களின் பரிந்துரைகள், ஆசிரியர் பயிற்சித் திட்டங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். 'எப்பொழுது' என்னும் வினாவிற்கு ஏடுகள் பல எழுதப்பட்டன. 'எவ்வாறு' என்னும் வினாவோ நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. பயன் விளைந்ததும் விளையாது போனதும் பெரும்பாலும் இப்பிந்திய வினாவைப் பொறுத்தே அமைந்தன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். ஒரு மொழியைப் பாடமாகக் கற்பித்தல் வேறு. அம்மொழி வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பித்தல் வேறு. முன்னதைப் பாடமொழி என்றும் பின்னதைப் பயிற்றுமொழி என்றும் ஈண்டுக் குறிப்போம். இவ்விரண்டினையும் ஒன்றாக மயங்கக் கொண்டமையால் விளைந்த குழப்பங்கள் இவ்வரலாற்றில் மிகப் பலவாகும்.

தரங்கம்பாடியில் மணலெழுத்து

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் இளஞ்சிறார் ஒருவர் அல்லர்; இளஞ்சிறாரோடு இருந்து கற்ற ஐரோப்பியர் ஒருவர் ஆவர். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியராகிய சீகன்பால்கு தமிழ் கற்க விரும்பி, உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு அமர்த்தினார். அப்பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்து பழகினார். தமிழெழுத்துகள் விரைவிற் கைவந்தன, படிக்கவும் இயன்றது. ஆயினும் அவ்வாசிரியர் ஐரோப்பிய மொழி எதனையும் அறியாதவராதலின், படித்தவற்றின் பொருளை அறிதல் அவருக்கு அரிதாயிற்று. பின்னர் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பாரைத் துணைக்கொண்ட பின்னரே பொருளுணர்ச்சி கைகூடிற்று. இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதும் அளவிற்கு அவர் தேர்ச்சி பெற்றார்.

இந்நிகழ்ச்சி சமய வரலாற்றாசிரியரால் பலகாலும் எடுத்துரைக்கப்பட்டதே. எனினும் மொழி கற்பித்தல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் வரையறுக்கப்படவில்லை. எழுத்துப் பயிற்சியும் பொருட் பயிற்சியும் வெவ்வேறு என்பதும், புதுமொழியின் எழுத்தை அறிந்த ஒருவன் அம்மொழியை அறிந்தவன் ஆகான் என்பதும், கற்போன் முன்னரே அறிந்த மொழி பொருளுக்குப் பாலமாதல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். இருபத்து நான்கு அகவையுடைய கற்றறிந்த ஒருவருக்கே இப்பாலம் இன்றியமையாததாயின், ஐந்து அகவைக் குழவிக்கு அஃது எத்துணை வேண்டற்பாலது என்பதை நாம் உய்த்துணரலாம்.

திண்ணைப்பள்ளியின் மொழிநிலை

சீகன்பால்கு கண்ட பள்ளி, பின்னர்த் திண்ணைப்பள்ளி எனப் பெயர்பெற்ற மரபைச் சார்ந்ததாகும். மணலில் விரலால் எழுதுதல், அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்னும் முறைவைப்பு, முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை ஆகியன அதன் இயல்புகள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் தன்வரலாற்றைப் பயின்றோர் இதனை நன்கு அறிவர்.

இப்பள்ளிகளின் நிலையை அறிய நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று, சென்னை ஆளுநர் சர் தாமசு மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பாகும். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுமையிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மக்கள்தொகை 1,28,50,941. வீட்டிலேயே கற்போரையும் சேர்த்து எண்ணின், பள்ளிப் பருவத்து ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒருவகைக் கல்வி பெற்றனர் என மன்றோ மதிப்பிட்டார். பெண்பிள்ளைகளின் கல்வி மிகக் குறைவாகவே இருந்தது.

ஆட்சியர் அறிக்கைகளுள் பெல்லாரி மாவட்டத்திலிருந்து ஏ. டி. காம்பெல் 1823ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அனுப்பியது நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவது. காம்பெல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை இயற்றியவர்; எனவே மொழியறிவோடு பள்ளிகளை நோக்கியவர். அவர் கணக்கின்படி அம்மாவட்டத்தில் 533 பள்ளிகள் இருந்தன. கன்னடம் கற்பித்தவை 235, தெலுங்கு 226, மராத்தி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. எஞ்சிய 23 அந்தணர் மட்டுமே பயின்ற வடமொழிக் கல்வி நிலையங்கள். ஒரே மாவட்டத்தில் இத்தனை மொழிப் பள்ளிகள் அருகருகே நிலவின என்பதும், ஆங்கிலம் அவற்றுள் ஒன்றே ஒன்றாக இருந்தது என்பதும் கருதத்தக்கன.

காம்பெல் சட்டாம்பிள்ளை முறையைப் பெரிதும் பாராட்டினார். ஆனால் ஒரு குறையையும் வலியுறுத்திச் சொன்னார். பள்ளிகளிற் பயிலும் நூல்கள் செய்யுள் நடையின. அந்நடை மக்கள் பேசும் வழக்கினின்று பெரிதும் வேறுபட்டது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பாடல்களை ஒப்பிக்கவும் வல்லராயினும் பொருளறியார். ஆசிரியருட் பலரும் அத்தகையரே என்பது அவர் கருத்து. பொருளறியாது பாடல் ஒப்பிக்கும் மாணவனை அவர் கிளிக்கு ஒப்பிட்டார்.

இக்கூற்றை நாம் முழுதும் ஏற்கவேண்டுவதில்லை. அவர் கண்டவை பெரும்பாலும் கன்னட, தெலுங்குப் பள்ளிகள். அம்முடிவை அப்படியே தமிழ்ப் பள்ளிகளுக்கு ஏற்றியுரைத்தல் பொருந்தாது. மேலும், இளமையில் நெட்டுருச் செய்த பாடல் பின்னாளிற் பொருள் விளங்கிப் பயன்தரும் என்பது நம் மரபின் கொள்கை. எனினும் அவர் சுட்டிய அடிப்படை உண்மையை மறுத்தற்கில்லை. வீட்டுவழக்கினின்றும் செய்யுள்வழக்கிற்குச் செல்லும் குழந்தை, தன் மொழிக்குள்ளேயே ஓர் இரண்டாம் மொழியை எதிர்கொள்கின்றது. ஒரே மொழியின் உயர்வழக்கும் தாழ்வழக்கும் வெவ்வேறு வாழ்க்கைச் சூழல்களுக்கு உரியனவாய் நிலவும் தன்மையை 1959இல் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் இரட்டை வழக்கு எனப் பெயரிட்டு விளக்கினார். பெயர் புதிதாயினும், அதனாற் சுட்டப்படும் இடர்ப்பாட்டைக் காம்பெல்லின் அறிக்கை ஏறத்தாழ நூற்றுமுப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டது எனலாம்.

ஆங்கிலப் பள்ளிகளின் தோற்றம்

மன்றோவின் கணக்கெடுப்பிற்கு முன்னரே தமிழ்நாட்டில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றிவிட்டன. தஞ்சையிற் கம்பெனியின் பேராளராக இருந்த சான் சல்லிவன் 1785ஐ ஒட்டி வகுத்த திட்டத்தின்படி, சுவார்ட்சு பாதிரியாரின் மேற்பார்வையில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்றிடங்களிற் பள்ளிகள் நிறுவப்பட்டன. கம்பெனியார் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் வழங்க இசைந்தனர். கம்பெனி ஊழியர்க்கும் உள்நாட்டார்க்கும் இடையே நேரடியாகப் பேசும் வாய்ப்பை உண்டாக்குதல் சல்லிவனின் நோக்கம். ஆகவே இப்பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றப்பட்டது அறிவு வளர்ச்சிக்கென்பதினும் அலுவலுக்கெனல் பொருந்தும். அலுவல் நோக்கம் பின்னர் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக ஆங்கிலக் கல்வியை விட்டு நீங்கவில்லை.

இதே காலத்திற் சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் பள்ளியிற் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளி ஒன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். இதனை விளக்கி 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலினால் இஃது இங்கிலாந்திற் 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றுப் பரவிற்று. நம் திண்ணைப்பள்ளியின் கற்பிக்கும் முறை கடல் கடந்து சென்று மதிக்கப்பட்ட அதே காலத்தில், இங்கு எந்த மொழிக்கு எந்த முறை பொருந்தும் என ஆராய்வார் இலராயினர்.

மன்றோ முன்மொழிந்த திட்டம் நன்னோக்கம் உடையது. மாவட்டந்தோறும் இரண்டாக நாற்பது பெரிய பள்ளிகளும், தாசில் வட்டங்களில் முந்நூறு பள்ளிகளும் நிறுவி, ஆசிரியர்க்கு அரசே ஊதியம் வழங்குதல் வேண்டும் என்பது அது. ஆயின் 1827இல் மன்றோ மறைந்தார். 1830இல் இலண்டன் இயக்குநர் குழு, உயர்ந்த வகுப்பினர்க்கு ஆங்கில வழி உயர்கல்வி அளித்தலே முதன்மையெனச் சென்னைக்கு எழுதிற்று. தாசில் பள்ளிகள் 1836இற் கைவிடப்பட்டன. 1841இற் சென்னையில் உயர்பள்ளி ஒன்று பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது; அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அடித்தளத்திற்கு உரிய பொருள் மேல்மாடத்திற்குச் சென்றது என்பதே இம்மாற்றத்தின் சுருக்கம்.

அறிக்கைகளும் ஆணைகளும்

1835ஆம் ஆண்டு மெக்காலேயின் குறிப்பு பலரும் அறிந்ததே. அது தொடக்கப் பள்ளியைப் பற்றியதன்று. உயர்கல்விக்குரிய பொருளை எம்மொழிக்குச் செலவிடுவது என்பதைப் பற்றியது. இளஞ்சிறார் கல்விக்கு நேராகப் பொருந்துவது 1854ஆம் ஆண்டின் சார்லசு வுட்டு அறிக்கையே. ஆங்கிலத்தை வேண்டுவார்க்கு அதனைக் கற்பிக்கலாம். எனினும் வட்டார மொழிக் கல்வியைப் புறக்கணித்தல் ஆகாது. பொதுமக்கட்கு அறிவு பரவுதல் அவர்தம் மொழியாலேயே இயலும் என அது வரையறுத்தது. 1882இல் அமைந்த அண்ட்டர் குழுவும் தொடக்கக் கல்வி என்பது தாய்மொழி வாயிலாகப் பொதுமக்கட்கு அளிக்கும் கல்வியே எனக் கூறிற்று.

இவற்றினும் தெளிவானது கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானமாகும். குழந்தை தொடக்கக் கல்வியில் ஓரளவு முன்னேறித் தாய்மொழியில் நல்ல அடிப்படை பெற்ற பின்னரே ஆங்கிலத்தைப் பாடமாகத் தொடங்கல் வேண்டும். ஆங்கிலம் பயிற்றுமொழியாதல் அதற்கும் பின்னரே. தாய்மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் இடைப்பட்ட எல்லை ஏறத்தாழப் பதின்மூன்று அகவை என அது கூறியது. பாடமொழி, பயிற்றுமொழி என்னும் வேறுபாட்டை அரசாங்க ஏடொன்று தெளிவாக உணர்ந்து இரண்டிற்கும் வெவ்வேறு காலம் குறித்தமை சிறப்பாகும்.

எனினும் இவ்வரையறை நடைமுறையில் முழுதும் நிலைத்ததன்று. அரசுப் பணியும் உயர்கல்வியும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கிடைத்தபோது, வசதியுடைய பெற்றோர் அதனை முற்கூட்டியே தம் மக்கட்குத் தர விழைந்தனர். பொருளியற் காரணம் உள்ளவரையிற் கல்விக் கோட்பாடு மட்டும் அதனைத் தடுத்தற்கியலாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

1938இற் சென்னை மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதும், அதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்ததும், 1940இல் அவ்வாணை நீக்கப்பட்டதும் அரசியல் வரலாற்றில் விரிவாக ஆராயப்பட்டவை. ஈண்டு ஒன்றே குறிப்பிடுவோம். அவ்வழக்கு எந்த மொழி, யாருடைய விருப்பால் என்பதைப் பற்றியதாதலின், சிறுவர்க்கு மொழி கற்பிக்கும் முறைபற்றிய ஆராய்ச்சிக்கு அதில் இடமில்லாது போயிற்று.

விடுதலைக்குப் பின்னர், டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு ஒரு நன்னெறியை வகுத்தது. ஒரே ஆண்டில் இரண்டு புதிய மொழிகளைத் தொடங்குதல் கூடாது என்பது அது. 1953இல் யுனெசுக்கோ வெளியிட்ட அறிக்கை, குழந்தைக்கு எழுத்தறிவு தாய்மொழியிலேயே தொடங்கல் வேண்டும் என உலகிற்கு அறிவுறுத்திற்று. 1968ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சட்டமன்றத் தீர்மானத்தால் தமிழ்நாடு தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

கற்பிக்கும் முறைபற்றிய முயற்சிகள்

இனி, 'எவ்வாறு' என்னும் வினாவிற்கு வருவோம். இந்திய நாட்டில் இதனை அறிவியல் முறையில் முதற்கண் ஆராய்ந்தவருள் ஒருவர், வங்காளத்திற் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெசுட்டு. இருமொழியம் பற்றி அவர் 1926இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய வினா இன்றும் விடை வேண்டி நிற்பது. பள்ளியிற் சேரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். அவ்வாறு நிற்பவர்க்குத் தாம் அதுகாறும் கற்ற ஆங்கிலத்தால் விளைந்த பயன் யாது? காப்புறுதிப் பணத்தை இடையில் நிறுத்துவோர்க்கும் ஒரு தொகை திரும்பக் கிடைப்பதுபோல, மொழிப் பாடத்தை எந்த ஆண்டில் நிறுத்தினும் அதற்குரிய பயன் கைவருமாறு பாடத்திட்டம் அமைதல் வேண்டும் என்றார் வெசுட்டு. பல்கலைக்கழகம் செல்லும் சிலரை மனத்திற்கொண்டு வகுத்த பாடத்தைப் பலர் தலையில் ஏற்றும் கொடுமையை இவ்வளவு தெளிவாக எடுத்துரைத்தார் பிறர் அரியர்.

1950ஐ அடுத்த ஆண்டுகளிற் சென்னை மாநிலத்தில் அமைப்பு முறை என்னும் கற்பிக்கும் முறை புகுந்தது. ஆங்கிலத் தொடரமைப்புகளை எளிமை முதல் அருமை ஈறாக வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் ஒவ்வொன்றாகப் பழக்குதல் இதன் இயல்பு. இம்முறையைத் தொடக்கநிலை ஆசிரியர்க்குக் கற்பிக்கும் பெருந்திட்டம் 1960ஐ ஒட்டி நடைபெற்றது. முதலில் ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெறுவர். அவர் பிறர்க்குப் பயிற்சி அளிப்பர். அப்பிறர் மேலும் பலர்க்கு அளிப்பர். உருண்டோடும் பனிக்கட்டி வரவரப் பெருத்தலைப் போன்றதாகலின் 'சென்னைப் பனியுருண்டை' என்றே ஆங்கில ஆசிரியர் உலகில் இது பெயர்பெற்றது. 27,000 ஆசிரியரை மீண்டும் பயிற்றும் முயற்சி எனத் திட்டத்திற் பங்குகொண்ட டி. ஏ. சுமித்து 1962இல் எழுதினார். எண்ணளவில் இதற்கு ஒப்பான முயற்சி அக்காலத்தில் அரிது.

ஆயினும் இத்தகைய திட்டங்களின் உள்ளியல்பான குறையை நாம் காணாதிருத்தல் கூடாது. ஒவ்வொரு படியிற் கைமாறும்போதும் முறையின் புறவடிவம் எஞ்சுகின்றது. அதன் காரணம் நழுவுகின்றது. இறுதிப் படியில் நிற்கும் சிற்றூர் ஆசிரியர்க்குத் தொடரமைப்புகளின் பட்டியல் சென்று சேரும். எதற்காக அவ்வரிசை என்பது சேராது. பட்டியலை அவர் ஒப்பிக்கச் செய்வாராயின், காம்பெல் பெல்லாரியிற் கண்ட காட்சி வேறொரு மொழியில் மீண்டும் தோன்றும்.

இக்குறையை உணர்ந்து எழுந்ததே என். எசு. பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய ஆய்வு. பெங்களூர்த் திட்டம் என வழங்கும் இதிற் பங்குகொண்ட மாணவர் எட்டு முதல் பதினைந்து வரை அகவையுடையோர். தொடரமைப்புகளைக் கற்பிப்பதற்கு மாற்றாக, நிலப்படத்தைப் பார்த்து வழி கூறுதல், புகைவண்டிக் கால அட்டவணையை ஆராய்ந்து ஏற்ற வண்டியைத் தேர்தல் போன்ற செயல்களை அவர் வகுப்பிற் கொடுத்தார். மனம் பொருளிற் பதியுங்கால் மொழியமைப்பு தானே படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் மொழி கற்பிப்போராற் பயிலப்படுகின்றது. ஆய்வின் முடிவுகளை அளந்தோர் அதனை முற்றிலும் ஏற்றாரல்லர், ஓரளவே ஏற்றனர். எனினும் பொருளை முதலிலும் வடிவத்தைப் பின்னும் வைத்த அதன் வரிசைமுறை, தரங்கம்பாடியிற் சீகன்பால்கு பட்டறிந்த உண்மையோடு பெரிதும் ஒத்திருத்தலை நோக்குக.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் சில.

முதலாவது, தாய்மொழி அடிப்படை முந்துதல் வேண்டும் என்பதில் 1854, 1904, 1953 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் தம்முள் மாறுபடவில்லை. ஆளுவோர் மாறியபோதும் இக்கருத்து மாறாமை, அதன் வலிமைக்குச் சான்றாகும். மாறுபாடெல்லாம் நடைமுறையில் விளைந்தது. அதற்குக் காரணம் வேலைவாய்ப்பே.

இரண்டாவது, தொடங்கும் ஆண்டை முற்படுத்துவதால் மட்டும் தேர்ச்சி பெருகாது. இன்று தமிழகப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே பாடமாகத் தொடங்குகின்றது. 2012ஐ ஒட்டி அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவிடத்துக் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் எனவும், பல மொழிகளையும் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்யலாம் எனவும் ஒருங்கே கூறுகின்றது. இந்நிலையில் ஐந்தகவைக் குழந்தை ஒரே ஆண்டில் இருவகை எழுத்துகளை எதிர்கொள்கின்றது. சட்டமும் ஆணையும் தொடக்க ஆண்டை வரையறுக்கலாம். வகுப்பறையில் நிகழ்வதை ஆசிரியரே வரையறுப்பர். எனவே பொருளும் உழைப்பும் முதற்கண் செல்லவேண்டிய இடம் தொடக்கநிலை ஆசிரியரின் பயிற்சியே.

மூன்றாவது, தமிழ்த் துறையினர்க்கு இவ்வாராய்ச்சியில் தனிக் கடமை ஒன்று உண்டு. இரண்டாம் மொழி என்றவுடன் ஆங்கிலத்தையே எண்ணுதல் நம் வழக்கமாகிவிட்டது. இல்லத்திற் சௌராட்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தைக்கும், மலைவாழ் குடியினரின் மொழிகளைப் பேசும் குழந்தைக்கும் தமிழே இரண்டாம் மொழி. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்ட பின்னர் இத்தகைய பிள்ளைகளும் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கற்கின்றனர். அவர்க்குத் தமிழைத் தாய்மொழியாகக் கருதியே கற்பிக்கின்றோம். அதனால் விளையும் இடர்ப்பாட்டை அப்பிள்ளைகளின் அறிவுக் குறையாக மதிப்பிட்டு விடுகின்றோம். தமிழே பேசும் பிள்ளைக்குங்கூட வீட்டுவழக்கிலிருந்து எழுத்துவழக்கிற்குச் செல்லும் வழி சீராக அமைக்கப்படவில்லை.

ஆகவே இரண்டு பணிகள் நம்முன் உள்ளன. வட்டாரந்தோறும் பள்ளியிற் சேரும் குழந்தையின் பேச்சிற் பயிலும் சொற்களையும் தொடர்களையும் தொகுத்து, அவற்றை அடியாகக் கொண்டு முதல் வாசகத்தை அமைத்தல் ஒன்று. பிறமொழி பேசும் சிறார்க்கென இரண்டாம் மொழித் தமிழுக்குத் தனிப் பாடநூலும் தனி ஆசிரியர் கையேடும் இயற்றுதல் மற்றொன்று. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க இம்மண்ணில் நடந்த முயற்சிகளின் நிறையும் குறையும் நமக்குப் பாடமாகக் கிடைத்துள்ளன. அவற்றைத் தமிழுக்கு ஏற்பப் பயன்கொள்ளும் ஆராய்ச்சி, இலக்கிய ஆராய்ச்சிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இலக்கியம் பயில நாளை வருவோர் இன்று முதல் வகுப்பில் அமர்ந்திருப்போரே ஆவர்.